ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2: எதிரி பக்கத்தில் வந்ததற்கான அறிகுறிகள் என் கண்ணில் படுவதில்லை, உதவி தேவை

வெள்ளவத்தை ஈட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரை போல நானும் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானும் இந்தக் கணினி ஆட்டத்தின் டெஃபினிட்டிவ் எடிஷன் (புதிய பதிப்பு) விளையாடுவோம். அவனுக்கு அப்போது காலை எட்டு மணி. அரேபியா மெப் (திறந்த நிலமுள்ள வரைபடம்), ஒருவருக்கு ஒருவர். கடைசி ஏழு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. ஐந்தும் ஒரே மாதிரி: என் வில்லேஜர்கள் (வேலையாட்கள்) மரம் வெட்டும் இடத்துக்குப் பின்னால் அவன் டவர் (அம்பு எய்யும் கோபுரம்) கட்டிவிடுவான். டவர் எழும்பி அம்பு விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் மச்சான், "நான் வந்தது உனக்குத் தெரியவே இல்லையா? எத்தனை அடையாளம் விட்டுப் போனேன்" என்று கேட்கிறான். எந்த அடையாளம் என்று சொல்லமாட்டானாம், நானே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

நான் சோம்பேறித்தனமாக விளையாடுவதில்லை. மூலையில் இருக்கும் மினிமெப்பைப் பார்க்கிறேன், ஸ்கௌட்டை (வேவு பார்க்கும் குதிரைவீரனை) ஓடவிடுகிறேன். ஆனாலும் படுவதில்லை. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஏதும் பிழையா, அல்லது நான் பார்க்கும் விதமே பிழையா? லப்டொப்பில்தான் விளையாடுகிறேன், கிராஃபிக்ஸ் நடுத்தரம், மோட் (ஆட்டத்தின் தோற்றத்தை மாற்றும் சேர்க்கை) ஒன்றும் போடவில்லை.

கொட்டாஞ்சேனை வில்லாளி:
தம்பி, முதலில் இயந்திரப் பக்கத்தைச் சரிபார்ப்போம். நான்கு கேள்விகள். லப்டொப்பை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறீர்கள்? விண்டோஸில் நைட் லைட் போட்டிருக்கிறீர்களா? மச்சானின் நிறம் என்ன? ஆட்டத்தின் சத்தம் எவ்வளவு?

வெள்ளவத்தை ஈட்டிக்காரன்:
அண்ணா, மேசை கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது, நான் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன். நைட் லைட் ஐந்து மணிக்கே வரும்படி நானே வைத்திருக்கிறேன், கண் நோகாமல் இருக்க. மச்சான் எப்போதும் ஆரஞ்சு. மச்சானோடு கோலில் (அழைப்பில்) கதைத்துக்கொண்டு விளையாடுவதால் ஆட்டத்தின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன்.

கொட்டாஞ்சேனை வில்லாளி:
பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. உங்கள் கடல் பக்கம் என்றால் மேற்கு. ஐந்தரைக்கு வெயில் நேரே திரையில் விழும். அதற்கு மேல் நைட் லைட் நீல ஒளியைக் குறைத்து எல்லாவற்றையும் மஞ்சளாக்குகிறது. அரேபியாவின் மண்ணும் மணல் நிறம், எதிரியும் ஆரஞ்சு. மரத்துக்குப் பின்னால் ஆள் நின்றால் அவரவர் நிறத்தில் உருவக்கோடு தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? அந்த ஆரஞ்சுக் கோட்டை இந்த வெளிச்சத்தில் யாராலும் பிடிக்க முடியாது.

மேசையைத் திருப்புங்கள். விளையாடும் நேரத்துக்கு மட்டும் நைட் லைட்டை நிறுத்துங்கள். நண்பன், எதிரி என்று நிறம் பிரித்துக் காட்டும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் நீலம், எதிரி சிவப்பு. அப்புறம் மோட் பகுதியில் மரங்களைச் சிறிதாக்கும் மோட் ஒன்று இருக்கிறது. காட்டோரத்தில் நிற்பவனை மறைக்க அதன் பிறகு இலை மிஞ்சாது. நிறைய பேர் அதைப் போட்டுத்தான் விளையாடுகிறார்கள், அது கள்ள வேலை இல்லை.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னணி இசையை முழுதாக நிறுத்திவிட்டு விளைவொலியைக் கூட்டுங்கள். உங்கள் ஆளை யாரோ தாக்கும்போது வரும் எச்சரிக்கை ஒலியைக் கூட நீங்கள் இப்போது தவறவிடுகிறீர்கள்.

தெஹிவளை ரீப்ளே அக்கா:
வில்லாளி சொன்னதை எல்லாம் செய்யுங்கள். ஆனால் அதோடு முடியாது என்று நினைக்கிறேன். தோற்ற ஆட்டம் ஒன்றின் ரீப்ளேயை (ஆட்டத்தின் பதிவை) அனுப்ப முடியுமா?

வெள்ளவத்தை ஈட்டிக்காரன்:
அனுப்பிவிட்டேன் அக்கா. போன சனிக்கிழமை ஆட்டம்.

தெஹிவளை ரீப்ளே அக்கா:
இரண்டு தரம் பார்த்தேன். ஒருக்கா மச்சானின் பார்வையில், ஒருக்கா உங்கள் பார்வையில் மட்டும், அதாவது உங்களுக்குத் தெரிந்த அளவு மட்டும் தெரியும்படி. இந்த இரண்டாவது முறையில் நீங்களும் பாருங்கள். அப்போதுதான் விளங்கும், அறிகுறிகள் எல்லாம் உங்கள் திரையிலேயே இருந்தன.

முதலாவது, ஆடு. ஆரம்பத்தில் ஓர் ஆட்டைத் தெற்கு மேட்டில் காவலுக்கு நிறுத்தினீர்கள், மிக நல்ல யோசனை. ஆனால் அதை மறந்துவிட்டீர்கள். பக்கத்தில் உங்கள் ஆள் யாரும் இல்லாமல் எதிரியின் ஆள் வந்தால் ஆடு அவன் பக்கம் மாறிவிடும். உங்கள் ஆடு அப்படித்தான் போனது, அந்த மேடும் உங்கள் பார்வையிலிருந்து மங்கிப்போனது. ஆடு காணாமல் போவதே ஒரு செய்தி. அது போன திசையில் யாரோ வருகிறார்கள்.

இரண்டாவது, ஓநாய். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. உங்கள் ஸ்கௌட் முதல் சுற்றிலேயே காட்டுக்குப் பின்னால் ஓர் ஓநாயைப் பார்த்தது. பிறகு உங்கள் மரவெட்டிகளின் பார்வை எல்லைக்குள் ஓர் ஓநாயின் உடல் கிடக்கிறது. நீங்கள் அதைக் கொல்லவில்லை. அப்படியானால் கொன்றது யார்? அதுவும் உடல் இன்னும் எலும்பாகவில்லை. இந்த ஆட்டத்தில் செத்த உடல் கொஞ்ச நேரத்தில் எலும்பாகி, பிறகு மறைந்துவிடும். ஆகவே உடல் உடலாகவே கிடந்தால், கொன்றவன் இப்போதுதான் அந்தப் பக்கம் போயிருக்கிறான். டவரின் முதல் அம்பு விழுவதற்கு முன் உங்களுக்கு நேரம் இருந்தது.

மூன்றாவது, கல். ஆட்டம் தொடங்கும்போது பெரும்பாலும் கையில் 200 கல் இருக்கும். ஒரு டவருக்கு 125. அதாவது கையில் இருப்பதை வைத்து ஒன்றுதான் கட்டலாம், இரண்டாவதுக்கு வெட்டியே ஆக வேண்டும். உங்கள் ஸ்கௌட் மச்சானின் ஊரைச் சுற்றியபோது கல் பக்கத்தில் மைனிங் கேம்ப் (வெட்டியதைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம்) இருந்தது. அவன் அப்போது ஆட்டத்தின் இரண்டாம் யுகமான ஃபியூடல் ஏஜுக்குக்கூட வரவில்லை. அவ்வளவு சீக்கிரம் கல் வெட்டுபவன் டவரைத்தான் நினைக்கிறான். அதே இடத்தில் தங்கத்துக்கு கேம்ப் இருந்திருந்தால் வில்லாளிகளை எதிர்பார்த்திருக்கலாம், ஓர் ஆர்ச்சருக்கு 45 தங்கம் வேண்டும். தங்கத்தில் ஒருவரும் இல்லை, எல்லாரும் உணவில் நிற்கிறார்கள் என்றால் குதிரைகள் வரும், ஏனென்றால் ஸ்கௌட் கெவல்ரிக்கு 80 உணவு மட்டும் போதும்.

உங்கள் கண்ணில் குறை இல்லை தம்பி. மாற்றம் தெரிய வேண்டுமென்றால் முதலில் இருந்தது மனதில் பதிந்திருக்க வேண்டும். ஸ்கௌட் ஓடும்போது நீங்கள் மெப்பைத் திறக்கிறீர்கள், ஆனால் ஒன்றையும் கணக்கெடுக்கவில்லை. ஓநாய் எங்கே, கல் எந்தப் பக்கம், காட்டோரத்தில் எங்கே இடைவெளி என்று அந்த முதல் சுற்றில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மச்சானுக்குக் கேட்காமல் மைக்கை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் வீடு என்கிறீர்கள். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டிருக்கும்போது கடல் பக்கம் கறுத்து, காற்று மாறினால் வீட்டில் யாராவது உடனே ஓடுவார்கள் அல்லவா? மழைத் துளி விழும்வரை காத்திருப்பதில்லை. கொஞ்சம் முன்பு வானம் எப்படி இருந்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது, அதனால்தான்.

பம்பலப்பிட்டி பூதம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆட்டம் விளையாடுவதில்லை, ஆனால் அக்கா சொல்வது மற்ற ஆட்டங்களிலும் உண்மை. சிவிலைசேஷன் 6 இல் காட்டுமிராண்டி ஸ்கௌட் உங்கள் நகரத்தைக் கண்டுவிட்டால் அதன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வரும். அது தன் முகாமுக்குத் திரும்பி ஓடும். பலர் அது போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அதை ஓடவிடக்கூடாது. கொல்ல முடியாவிட்டால் பின்தொடர வேண்டும், முகாம் இருக்கும் இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதற்குத்தான் பொருந்தும். ஸ்டார்கிராஃப்ட் 2 இல் மறைந்து வரும் ஆள் முழுதாக மறைவதில்லை, நிலம் மெல்லத் தளும்புவது போலத் தெரியும். கண் பழகியவர்கள் அதைப் பார்த்தே, மறைந்தவரைக் காட்டும் டிடெக்டரைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

வெள்ளவத்தை ஈட்டிக்காரன்:
அக்கா, ரீப்ளேயை என் பார்வையில் மட்டும் வைத்துப் பார்த்தேன். ஓநாயின் உடலுக்கு மிகப் பக்கத்திலேயே என் வில்லேஜர் மரம் வெட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஒரு சந்தேகம்: வானத்தில் பருந்து பறக்கிறதே, அதுவும் எதையாவது காட்டுமா? இனி எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினால் தலை சுற்றும்.

தெஹிவளை ரீப்ளே அக்கா:
பருந்து அழகுக்கு மட்டும், அதை விட்டுவிடுங்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. நீங்கள் வெட்டாத இடத்தில் அடிக்கட்டை இருந்தால் அங்கே வேறு யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை ஈட்டிக்காரன்:
இன்றைக்கு விளையாடிவிட்டு வந்து எழுதுகிறேன். மேசையைத் திருப்பிவிட்டேன், சிவப்பு நிறம், சின்ன மரங்கள், இசை இல்லை. இரண்டு ஆட்டம். முதலாவது தோல்வி, ஆனால் டவரால் அல்ல, குதிரைகளால். அவன் உணவில் மட்டும் நின்றதைப் பார்த்தேன், குதிரைகளைத் தடுக்கும் ஈட்டிக்காரர்களைச் செய்ய மட்டும் பிந்திவிட்டேன். இரண்டாவதில் வடக்கு மேட்டில் நிறுத்திய ஆடு போனது. உடனே ஸ்கௌட்டையும் நான்கு வில்லேஜர்களையும் அனுப்பினேன். மச்சானின் இரண்டு ஆட்கள் அடித்தளத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். டவர் எழும்பவில்லை. அவன் கோலில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "ஆடா?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த கிழமை பிளக் ஃபொரெஸ்ட் மெப்பில் விளையாடலாம் என்கிறான். அங்கே சுற்றிலும் காடு, ஸ்கௌட் ஓட ஒடுங்கிய பாதைகள்தான். அங்கே எதைப் பார்ப்பது?

கொட்டாஞ்சேனை வில்லாளி:
நல்ல செய்தி தம்பி! பிளக் ஃபொரெஸ்ட்டில் ஆட்டம் நீளும், பாதையைச் சுவரால் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கத் தோன்றும். அங்கே பயப்பட வேண்டியது காட்டுக்குள்ளிருந்து வருவதை. சீஜ் ஒனேஜர் என்ற கல்லெறியும் இயந்திரத்தால் மரங்களை வீழ்த்திப் புதுப் பாதை திறக்க முடியும். ஆகவே உங்கள் ஊருக்குப் பின்னால் காடு மெல்லியதாக இருக்கும் இடங்களை முதலிலேயே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அவுட்போஸ்ட் (பார்வை தரும் காவல் மேடை) வையுங்கள். பார்வை இல்லாத இடத்தில் மரம் விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பார்வை இருந்தால், காட்டின் நடுவில் ஒரு மரம் குறைந்தவுடனே எதிர்க்கத் தயாராக நேரம் கிடைக்கும். அந்த ரீப்ளேயையும் அனுப்புங்கள்.