ஸ்பர்ஸ் 1 – செல்சி 4: ஒன்பது பேரோட நடுக்கோட்டில் நின்னது சரியா?

வெள்ளைச்சேவல்:
2023 நவம்பர்ல நடந்த பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டத்தைத்தான் சொல்றேன். அந்த சீசன்ல முதல் 10 ஆட்டத்துல 26 புள்ளி எடுத்த டீம் நம்ம ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்). 6ஆவது நிமிஷமே நம்ம குலுசெவ்ஸ்கி கோல். அப்புறம் 33ல ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை, அந்தப் பெனால்டியை செல்சியோட பால்மர் போட்டு 1-1. இடைவேளைக்கு முன்னாடியே வான் டே வென் தொடைத் தசையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே, மேடிசனும் வெளியே. 55ல உடோஜி ரெண்டாவது மஞ்சள் வாங்கி அவரும் வெளியே. காயத்தை யாரும் தடுக்க முடியாது, சரி. ஆனா 9 பேர் ஆனதுக்கு அப்புறமும் கோச் போஸ்டகோக்ளு டிஃபன்ஸை நடுக்கோட்டுலயே நிறுத்தினாரே, அது ஏன்? நம்ம பெனால்டி பாக்ஸுக்கு முன்னாடி இறங்கி நின்னிருந்தா ஒரு புள்ளியாவது கிடைச்சிருக்காதா?

கடைசித்தடுப்பு:
கிடைச்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். மைதானம் 68 மீட்டர் அகலம். கீப்பர் போக நமக்கு இருந்தது 8 பேர். பாக்ஸ்கிட்ட நாலு, அதுக்கு முன்னாடி மூணு, மேல ஃபார்வர்ட் சன் மட்டும்னு நின்னா ரெண்டு ஓரமும் திறந்து கிடக்கும். செல்சி பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தியே க்ராஸ் போட்டுக்கிட்டு இருக்கும். தலையால முட்டி வெளியே தள்ளினாலும் அந்த ரெண்டாவது பந்தை எடுக்க அங்க நம்ம ஆள் கிடையாது, திரும்ப அவங்க காலுக்கே போகும். 35 நிமிஷமும், மேல இஞ்சுரி டைமும் அப்படித் தாங்குறது பெரிய பாடு.

ஹை லைன்ல, அதாவது டிஃபன்ஸ் வரிசையை நடுக்கோடு வரை ஏத்தி நின்னதால ஆட்டம் நடந்த இடமே சுருங்கிடுச்சு. உடோஜி போனது 55ல, ரெண்டாவது கோல் விழுந்தது 75ல. இருபது நிமிஷம் 11 பேரை 9 பேர் தடுத்திருக்காங்க, அதுவும் எரிக் டயர், ஹொய்பியர்ங்கிற சென்டர் பேக் ஜோடியை வெச்சு. ஹொய்பியர் மிட்ஃபீல்டர்ங்கிறதை மறந்துடாதீங்க.

ஆஃப்சைடுகொடி:
லைன் எங்க நிக்குதுங்கிறதை விட, பந்து வெச்சிருக்கவன் மேல யாராவது இருக்காங்களா என்பதுதான் கேள்வி. அவன் முதுகு காட்டினா, இல்ல பின்னாடி பாஸ் கொடுத்தா, லைன் மேல ஏறலாம். தலை நிமிர்ந்து நேரம் எடுத்துப் பார்க்கிறான்னா உடனே 10, 15 மீட்டர் இறங்கணும். 9 பேரோட அவனை நெருக்க ஆள் போதாது. இருந்தும் லைன் இறங்கவே இல்லை.

இன்னொரு விஷயம். பாஸ் கிளம்பும்போது நம்ம டிஃபன்ஸ் லைனைத் தாண்டி நின்னா ஆஃப்சைடு, ஆனா தன் பாதியில நிக்கிறவன் ஆஃப்சைடு ஆகவே மாட்டான். அதனால நடுக்கோடுதான் நம்ம லைனோட எல்லை. அங்க போய் நின்னுட்டா, தன் பாதியில இருந்து ஓட்டத்தைத் தொடங்குறவனைப் பிடிக்க ஆஃப்சைடு பொறியே இல்லை, பின்னாடி 50 மீட்டருக்கு மேல வெறும் புல். முதல்ல செல்சிக்கு இது பிடிபடல. ஜாக்சன் நம்ம டிஃபண்டர் தோளோட ஒட்டி நின்னு அவசரப்பட்டு ஓடி ஆஃப்சைடுல மாட்டிக்கிட்டே இருந்தார். பிறகு ஸ்டெர்லிங், காலகர் எல்லாம் ஆழத்துல இருந்து ஓட ஆரம்பிச்சாங்க. 75ல நடந்ததைப் பாருங்க: ஸ்டெர்லிங் லைனைத் தாண்டி வர்றார், நம்ம கீப்பர் விகாரியோ அவரை நோக்கி வந்தே ஆகணும், பந்து குறுக்கே ஜாக்சனுக்கு. ஜாக்சன் பந்துக்குப் பின்னாடி இருந்ததால ஆஃப்சைடுக்கு வழியில்லை, காலி கோல். 90+4லயும் அதே மாதிரிதான், ஸ்டெர்லிங்குக்குப் பதில் காலகர்.

விகாரியோவைக் குறை சொல்ல மனசு வரல. பாக்ஸை விட்டு அவ்வளவு தூரம் வெளியே வந்து வந்து டிஃபன்ஸுக்குப் பின்னாடி வந்த எத்தனை த்ரூ பாலை அடிச்சுத் தள்ளினார்!

வடக்குவாசல்:
1-2ல இருந்தப்போ டயர் தரையில விழுறதுக்குள்ள அடிச்ச பந்து கோலுக்குள்ள போச்சு, ஆஃப்சைடு. பெந்தன்குருக்கு ஒரு நல்ல வாய்ப்பு, வெளியே போயிடுச்சு. இஞ்சுரி டைம்ல சன் அடிச்சதை செல்சி கீப்பர் சான்செஸ் தடுத்தார். பாக்ஸ்லயே உட்கார்ந்திருந்தா இந்த மூணும் வந்திருக்காது. 4-1ங்கிற ஸ்கோர் பொய் சொல்லுது.

என் கோபம் ரெண்டு சிவப்பு அட்டை மேலதான். ரொமேரோ பந்தைத் தொட்டார், உண்மை. ஆனா கால் அதோட நிக்காம செல்சியோட என்சோ காலுக்குப் போச்சு. வேகம் குறையாம பூட்ஸ் அடியில இருக்கிற ஸ்டட்டைக் காட்டிட்டுப் போனா, பந்தைத் தொட்டது கணக்குலயே வராது. அதுக்கு முன்னாடி செல்சி வீரர் கோல்வில்லை உதைச்சதுக்குத் தப்பினது அவர் அதிர்ஷ்டம். உடோஜியும் அப்படித்தான்: ஸ்டெர்லிங் மேல பாய்ஞ்சு ஒரு மஞ்சள் வாங்கியிருக்கிறவர், 10 பேரா இருக்கும்போது தரையில சறுக்கவே கூடாது. நின்ன இடத்துல நின்னு உள்ளே வர்ற வழியை அடைச்சு ஓரத்துக்குத் தள்ளினாப் போதும்.

வெள்ளைச்சேவல்:
பெந்தன்குர், சன் வாய்ப்பைப் பத்தி யோசிக்கல, ஒத்துக்கிறேன். ஆனா சனிக்கிழமை அடுத்த ஆட்டம், வுல்வ்ஸ் டீமோட. ரொமேரோவுக்கு 3 ஆட்டத் தடை, உடோஜிக்கு 1, வான் டே வென் இல்லை. அதே லைனா?

ஆஃப்சைடுகொடி:
அதே இடத்துல முடியாது. பின்னாடி விழுற பந்தைத் துரத்திப் பிடிக்கிற வேகம் வான் டே வென்கிட்ட இருந்தது, டயர்கிட்ட இல்லை. லைனை நடுக்கோட்டுல இருந்து 10 மீட்டராவது கீழ வெச்சு, பந்து வெச்சிருக்கவனை நெருக்குற வேலையை மிட்ஃபீல்டுல பிசுமாவும் பாப் சாரும் எடுத்துக்கணும். வலது பக்கம் போரோ மேல ஏறும்போது இடது பக்கம் எமர்சன் கீழயே நிக்கணும்.