அப்பா அம்மாவுக்குக் கீழ விழுற ஆபத்து இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

அப்பாவுக்கு 76, சுகர் பிபி ரெண்டுக்கும் மாத்திரை, ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி சுவத்தப் புடிச்சு நின்னுட்டாருன்னு அம்மா சொல்லித்தான் தெரியும், அவரக் கேட்டா "லேசா தடுக்குச்சுப்பா"ன்னு முடிச்சிட்டாரு. முதியோர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன் எழுதுவாங்கன்னு பாத்தா முதல்ல மூணே கேள்வி, ஒரு வருஷத்துல விழுந்தீங்களா, நடக்கறப்ப தள்ளாடுதா, விழுந்துருவோமோன்னு பயமா இருக்கா. அப்புறம் சேர்ல இருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரச் சொன்னாங்க. 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா கவனிக்கணுமாம், அப்பாவுக்கு 17. நேரா நல்லாத்தான் போனாரு, திரும்புற எடத்துல குட்டிக் குட்டி அடியா வச்சு, கை தானா சுவத்தத் தேடுது, பாக்கவே மனசு பதறிடுச்சு. அடுத்து படுக்க வச்சு பிபி, நிக்க வச்சு 3 நிமிஷத்துக்குள்ள மறுபடி பிபி. 148 இருந்தது 122. மேல் அளவு 20 எறங்குனாலே கணக்குதானாம். ப்ராஸ்டேட் மாத்திரையும் பிபி மாத்திரையும் சேந்து இப்படி எறக்கலாம்னு சொல்லி மாத்தி எழுதிக் குடுத்தாங்க, நாமளா எதையும் நிறுத்தக் கூடாதுன்னும் கண்டிப்பா சொன்னாங்க. தயவுசெஞ்சு எல்லாரும் இந்த நின்னு பாக்குற பிபிய டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் உக்கார வச்சுப் பாத்து அனுப்பிடறாங்க.

▪ நான் ஃபிசியோ. அந்தத் திரும்புற எடத்த நீங்க கவனிச்சது ரொம்ப சரி, நாங்களும் அங்கதான் பாப்போம். இன்னொண்ணு, ஒரு கால் குதிகால் இன்னொரு கால் விரல்ல ஒட்டுற மாதிரி நேர்கோட்டுல வச்சு 10 செகண்ட் நிக்க முடியலன்னா பேலன்ஸ் கம்மின்னு அர்த்தம். வீட்ல செஞ்சா பக்கத்துல ஒருத்தர் புடிக்கத் தயாரா நிக்கணும், தனியா விடவே விடாதீங்க. பேலன்ஸ் குறையுறது வயசானா அப்படித்தான்னு விட்டுடறாங்க, தொடைக்குப் பயிற்சி குடுத்தா நல்லாவே முன்னேறும்.

▪ வார்டுல நர்ஸா இருக்கேன். நாங்க மோர்ஸ் ஸ்கேல்னு ஒண்ணு போடுவோம், விழுற ஆபத்துக்கு மார்க் போடுறது, மார்க் ஏற ஏற ஆபத்தும் ஜாஸ்தி. 3 மாசத்துக்குள்ள விழுந்திருந்தா 25, டிரிப்ஸ் ஏறுனா 20. வாக்கர் வச்சு நடந்தா 15, ஆனா கட்டில் மேஜையப் புடிச்சு நடந்தா 30! வாக்கர் வேணாம் கௌரவக் கொறச்சல்னு சொல்ற தாத்தாங்கதான் எங்களுக்குப் பெரிய கவலை. அட்மிஷன்ல கேக்கறப்ப "விழவே இல்லம்மா"ன்னு பாட்டி சொல்லுவாங்க, பக்கத்துல நிக்கிற மருமகதான் போன மாசம் விழுந்தத மெதுவா சொல்லுவாங்க. அத மறைக்காம சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரிதான் பெட்டையே நர்ஸ் ஸ்டேஷன் பக்கமா குடுப்போம்.