ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடம் உண்டா?

வைகைக்கரை:
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சென்ற வாரம் வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், என் பாடக்குறிப்பேட்டில் "ஆங்கில வகுப்பில் தமிழைத் தவிர்க்கவும்" என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று அவர் கண்ட பாடத்தையே சான்றாக வைத்து என் காரணத்தைச் சொல்கிறேன்.

என் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே "ஹி டிட் நாட் கேம்", "ஷி டிட் நாட் வென்ட்" என்று எழுதிவருகிறார்கள். 'டிட்' வந்தால் அடுத்த வினைச்சொல் கடந்தகால வடிவத்தில் வரக்கூடாது என்ற விதியை ஆங்கிலத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள்; சொல்லச் சொன்னால் பிழையின்றிச் சொல்லவும் செய்வார்கள். எழுதும்போது மட்டும் அது கைக்கு வருவதில்லை. அன்று நான் கரும்பலகையில் 'வந்தான்' என்றும் 'வரவில்லை' என்றும் எழுதி, முதற்சொல்லில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பகுபத உறுப்பிலக்கணத்தைத் தமிழ் வகுப்பில் படித்தவர்கள் ஆகையால், "த் இறந்தகால இடைநிலை" என்று பல குரல்கள் எழுந்தன. இரண்டாவது சொல்லில் எங்கே என்று கேட்டபோது வகுப்பு அமைதியானது. சற்று நேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், "அதில காலமே இல்ல டீச்சர், நேத்து வரவில்லைன்னும் சொல்லலாம், இன்னைக்கு வரவில்லைன்னும் சொல்லலாம்" என்றான். எதிர்மறையில் நம் மொழியிலும் வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'வர' என்று வெறுமனே நிற்கிறது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். ஆங்கிலத்தில் அந்தக் காலத்தை 'டிட்' வாங்கிக்கொள்கிறது என்று அதன்பின் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. பத்து நிமிடத் தமிழ் செய்த வேலையை மூன்றாண்டு ஆங்கில விளக்கம் செய்யவில்லை என்பதே என் வாதம்.

தடம்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பத்து நிமிடங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் குறிப்பை எழுதியவர் பக்கமே நிற்கிறேன்.

நீங்கள் செய்தது ஒப்பீடு. நம் வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பது அதுவன்று. ஆசிரியர் ஒரு வரியை வாசிப்பார், அதன் பொருளைத் தமிழில் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். ஒரு மாதம் இப்படிப் போனால், ஆங்கில வரி ஒலிக்கும்போது பிள்ளை அதற்குச் செவி கொடுப்பதில்லை, பின்னால் வரப்போகும் தமிழுக்காகவே காத்திருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது அந்த ஒரே பீரியட்தான். அதிலும் பாதியைத் தமிழுக்குக் கொடுத்தால் மொழியை அது எங்கிருந்து பெறும்?

இது வெறும் ஆசையன்று. 1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திப் பார்த்த திட்டத்தை ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இன்றும் உலகெங்கும் பேசுகிறார்கள். இலக்கண வரிசைப்படி பாடம் நடத்தாமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, "இந்த வண்டியில் போனால் எத்தனை மணிக்குச் சேரலாம்?" என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்தின் வழியாகவே தீர்க்க வைத்தார்கள். பொருளில் கவனம் ஊன்றினால் வடிவம் தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே செய்து பார்த்த முயற்சியை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆற்றாமை.

மேற்குச்சாரல்:
நான் ஆசிரியன் அல்லன். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போனவன். தடம் ஐயா சொன்ன அந்தக் காத்திருக்கும் பிள்ளை நான்தான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். மெமரி போயம் ஒரு எழுத்துக்கூடப் பிசகாது. கையேட்டில் இருந்த பாராகிராப்புகளைக் காற்புள்ளியோடு மனப்பாடம் செய்திருந்தேன். கல்லூரி முதலாண்டில், ரெக்கார்டு நோட்டில் ஓர் அட்டவணை தவறாகிவிட்டது, வேறு தாளில் எழுதி ஒட்டலாமா என்று ஆய்வகப் பேராசிரியரிடம் கேட்க வேண்டியிருந்தது. கதவருகே நின்று அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் அமைத்து, சொல் சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நான் முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அந்தப் பக்கம் திருத்தப்படாமலேயே போனது. எனக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அன்பானவர், உழைப்பாளி. ஆனால் ஐந்தாண்டுகளில் ஒருநாள்கூட அவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை.

வைகைக்கரை:
தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கதவருகே உங்களை நிறுத்தியது தமிழ்தான் என்று நான் நினைக்கவில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு. அறிவியலில் 25 மதிப்பெண்ணுக்குச் செய்முறை உண்டு. மாணவன் தன் கையால் செய்து காட்டியாக வேண்டும். மொழிப்பாடத்தில் வாயைத் திறக்காமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம். தேர்வு கேட்காததை, 35 மதிப்பெண்ணில் எல்லாரையும் கரையேற்ற வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஆசிரியர் எப்படிக் கேட்பார்? தமிழைத் தடை செய்துவிட்டு இதே தேர்வை வைத்திருந்தால், மனப்பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், அவ்வளவுதான்.

தடம் ஐயாவுக்கு ஒன்று. பிரபுவின் திட்டத்தை 1985-ல் பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்டு எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலக்கண அமைப்புகளை வரிசையாகக் கற்பிக்கும் பழைய முறையில் படித்தவர்கள் அந்த அமைப்புகளைச் சோதித்த தேர்விலும், திட்டத்தில் படித்தவர்கள் அவர்கள் வழிக்கு ஒத்த தேர்விலும் மேலாகச் செய்தார்கள். எதைப் பயிற்றினோமோ அது வந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். என் மாணவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

தடம்:
தேர்வைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. மதிப்பீட்டு முடிவையும் ஒப்புக்கொள்கிறேன். கொள்கைக்கு அது முழு வெற்றியைத் தரவில்லை.

ஆனால் தமிழ் உதவுவதற்குப் பதில் கெடுக்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். உங்கள் மாணவர்களின் பாடநூலைத் திறந்து பாருங்கள். ஆங்கில வரிகளுக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருப்பார்கள். மின்விசிறிக்கும் 'பேன்', வாணலிக்கும் 'பேன்', தடைக்கும் 'பேன்'. மூன்று வேறு ஒலிகள் நம் ஒரே பகரத்துக்குள் போய்விடுகின்றன. காதால் கேட்டுப் பிரித்தறிய வேண்டியதைக் கண்ணால் ஒன்றாக்கிவிட்ட பிள்ளைக்குப் பின்னர் அந்த வேறுபாடு எளிதில் வராது. இலக்கண அமைப்பில் தமிழை ஒப்பிடுங்கள், தடுக்கமாட்டேன். ஒலியில் அதை அருகே விடாதீர்கள். இன்னொன்று, ஒப்பீடு பிள்ளை தானாக முயன்று தவறிய பிறகு வரட்டும். முயலும் முன்பே விளக்கம் வந்தால் முயற்சிக்கு வேலையில்லாமல் போகிறது.

பாலாற்றங்கரை:
நானும் பட்டதாரி ஆசிரியர்தான். இருவரும் தாய்மொழி என்று சொல்லும்போது தமிழையே மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் பலர். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும். திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இந்தி பேசியபடி வந்து சேர்கிறார்கள். 'வரவில்லை' என்று கரும்பலகையில் எழுதினால் இவர்களுக்கு அது இரண்டாவது அந்நிய மொழியாக இருக்காதா?

வைகைக்கரை:
நியாயமான கேள்வி. தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. 'வரவில்லை' என்பதற்கு 'ராலேது', 'பரலில்ல' என்று அவர்கள் மொழியிலும் எதிர்மறையில் வினை காலத்தை இழந்தே நிற்கிறது. இந்தியும் உருதும் அப்படியல்ல. அதே பொருளில் 'நஹீன் ஆயா' என்னும்போது வினை இறந்தகால வடிவத்திலேயே இருக்கிறது. அந்த வழக்கில் வளர்ந்த பிள்ளைக்கு 'டிட் நாட் கேம்' என்பதுதான் இயல்பாகத் தோன்றும்.

இதை எழுதும்போதுதான் என் வகுப்பில் பீகாரிலிருந்து வந்து இரண்டாண்டாகப் படிக்கும் மாணவன் நினைவுக்கு வந்தான். தமிழ் நன்றாகப் பேசுவான். அன்று திருத்தாமல் எடுத்துவந்த நோட்டுகளில் அவனுடையதைத் தேடி எடுத்தேன். பத்து வாக்கியங்களில் ஏழில் கடந்தகால வினையே இருக்கிறது. மற்றவர்கள் கைகளைத் தூக்கியபோது அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். புரிந்துகொண்டான் என்றே நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு அந்த வகுப்புதான். தடம் ஐயா சொன்ன வரிசையில், விளக்கம் எதுவும் தராமல், எங்கள் ஊர்ப் பேருந்து நேர அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டி வந்தது, எது வரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் சொல்ல வைக்கப் போகிறேன். அதன்பின் அவனை அழைத்து 'நஹீன் ஆயா'வைக் கரும்பலகையில் 'வரவில்லை'க்குப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். நடந்ததை இங்கேயே எழுதுகிறேன்.