தட்டைத் திரைத் தொழிலில் முதலிடலாமா? சீனா, இந்தியா, நமது நாடு

வெள்ளவத்தைக் கணக்காளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சிகளையும் கணினித் திரைகளையும் இறக்குமதி செய்து நாடெங்கும் விநியோகிக்கும் கொழும்புக் குடும்ப நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். இத்தனை காலமும் திரைகளை வாங்கி விற்ற எமது பணிப்பாளர்கள், இனி அவற்றை உற்பத்தி செய்யும் தொழிலிலேயே ஒரு பகுதிப் பணத்தை இடலாம் என்று எண்ணுகிறார்கள். அடுத்த சபைக் கூட்டத்துக்கு ஓர் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

என்னைக் குழப்புவது இதுதான். சீனாவின் பேனல் தொழில், அதாவது திரையில் படத்தைக் காட்டும் தட்டைப் பலகத்தைச் செய்யும் தொழில், இருபது ஆண்டுகளுக்குள் உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இந்தியாவும் தொழிற்சாலைச் செலவில் பாதியைத் தானே ஏற்பதாக அறிவித்தது. திரைகளின் தேவையோ ஆண்டுதோறும் கூடுகிறது. ஆனால் பேனல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வாசித்தால், விற்பனை உயர்ந்த ஆண்டுகளிலும் நட்டம் காட்டப்பட்டிருக்கிறது, பங்குலாபமும் மிகக் குறைவு. வளர்கிற தொழிலில் இலாபம் எங்கே போகிறது? எந்த நாட்டில், உற்பத்தியின் எந்தப் படியில் முதலிடுவது நியாயமானது? இலங்கையில் இதற்கு ஏதாவது இடம் உண்டா? தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கண்ணாடிக்கூடம் எழுதியது:

வணக்கம். மொறட்டுவையில் படித்துவிட்டுச் சில காலம் தாய்வானில் ஒரு பேனல் தொழிற்சாலையில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் தொழிலின் அமைப்பைப் பார்ப்போம். எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகப் பேனல் மூன்று படிகளில் உருவாகிறது. முதற்படியில் பெரிய கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய படல டிரான்சிஸ்டர்கள் பதிக்கப்படுகின்றன. இரண்டாம் படியில் அந்தத் தகடும் நிறவடிகட்டி உள்ள தகடும் இடையில் திரவப் படிகத்தை வைத்து ஒட்டப்பட்டு, தேவையான அளவுகளில் வெட்டப்படுகின்றன. மூன்றாம் படியில் பின்னொளியும் இயக்கிச் சில்லுகளும் சட்டமும் பொருத்தப்படுகின்றன. முதலிரண்டு படிகளுக்கும் பில்லியன் கணக்கான டொலர் தேவை. மூன்றாம் படியைச் சில மில்லியன் டொலருடன்கூடத் தொடங்கலாம். "பேனல் தொழிற்சாலை வருகிறது" என்று ஒரு நாட்டிலிருந்து செய்தி வரும்போது, எந்தப் படியைச் சொல்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

முதலிரண்டு படிகளின் பொருளாதாரம் கண்ணாடித் தகட்டின் அளவைச் சார்ந்தது. அந்த அளவைத் தலைமுறை எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக்கூடத் தகடும் பெரிதாகும். 10.5ஆம் தலைமுறைத் தகடு 2,940 மில்லிமீற்றர் அகலமும் 3,370 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அதிலிருந்து 65 அங்குலப் பேனல்கள் எட்டு, அல்லது 75 அங்குலப் பேனல்கள் ஆறு வெட்டலாம். சிறிய தகட்டில் இதே அளவுகளை வெட்டுகிறவர் கூடுதலான கண்ணாடியை வீணாக்குவார். அதனால் புதிய தலைமுறை வந்ததும், பழைய தொழிற்சாலை நன்றாக இயங்கினாலும் பெரிய தொலைக்காட்சிச் சந்தையில் விலையால் தோற்றுவிடுகிறது. இயந்திரங்களின் பெறுமதி முழுதாகத் தேய்மானம் காணும் முன்பே அடுத்த முதலீட்டுக்குப் பணம் தேட வேண்டும். உங்கள் கேள்விக்கு விடையில் பாதி இதற்குள் இருக்கிறது. இலாபம் பங்குதாரரின் கைக்கு வராமல் அடுத்த தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது.

மற்றப் பாதி விலைச் சுழற்சி. விலை உயர்ந்த ஆண்டில் எல்லோரும் ஒரே வேளையில் தொழிற்சாலை கட்டத் தீர்மானிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவை அனைத்தும் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன, விலை சரிகிறது. தேய்மானமே பெருஞ்செலவாக இருப்பதால், நட்டத்திலும் உற்பத்தியை நிறுத்துவதைவிடத் தொடர்வது மலிவாகத் தெரிகிறது. அதனால் சரிவு நீள்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது தொலைக்காட்சிப் பேனல்களின் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. 2021இன் நடுப்பகுதியிலிருந்து விழத் தொடங்கி, 2022இல் பல அளவுகளில் மூலப்பொருளுக்கும் கூலிக்குமான செலவுக்கும் கீழே போனது. அதே ஆண்டில் சாம்சுங் டிஸ்பிளே எல்.சி.டி. உற்பத்தியை முற்றாகக் கைவிட்டது. 2009இல் உலகின் முதல் பத்தாம் தலைமுறைத் தொழிற்சாலையாகத் திறக்கப்பட்ட ஷார்ப் நிறுவனத்தின் சக்காய் ஆலை, 2024இல் பேனல் உற்பத்தியை நிறுத்தியது. சோனி, தொஷிபா, ஹிட்டாச்சி ஆகியவற்றின் சிறுதிரைப் பிரிவுகளை அரச நிதியத்தின் துணையுடன் 2012இல் இணைத்து உருவாக்கிய ஜப்பான் டிஸ்பிளே, 2014இல் பங்கொன்று 900 யென் விலையில் டோக்கியோ சந்தைக்கு வந்தது. பின்னர் அந்தப் பங்கு சில பத்து யென்னுக்கு வீழ்ந்தது. தொழில்நுட்பத்தில் இவர்கள் எவரும் பலவீனமானவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடக்கூடாது.

சீனா வென்றது எப்படி? 1993இல் பெய்ஜிங்கில் உருவான பி.ஓ.இ. நிறுவனம், 2003இல் கொரியாவின் ஹைனிக்ஸிடமிருந்து ஹைடிஸ் என்ற பேனல் பிரிவை 380 மில்லியன் டொலருக்கு வாங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டது. அதன்பின் நெடுங்காலம் நட்டத்திலேயே இயங்கியது. அதைத் தாங்கியவை உள்ளூர் அரசுகள். 2008இல் ஹெஃபெய் நகரம் 17.5 பில்லியன் யுவான் மதிப்பிலான ஆறாம் தலைமுறை ஆலைக்குப் பொறுப்பேற்றபோது, தனது மெட்ரோ தொடருந்துத் திட்டத்தையே தள்ளிவைத்தது. பங்குலாபம் அந்நகரத்தின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. வேலைவாய்ப்பும், ஆலையைச் சுற்றி வரும் துணைத் தொழில்களும், நில மதிப்பும் சேர்ந்து திருப்பித் தரும் என்று நகரம் கணக்கிட்டது, அது சரியாகவும் அமைந்தது. இன்று உலகின் எல்.சி.டி. உற்பத்தித் திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சீனாவிடம் உள்ளது. ஆனால் நகரம் ஒன்றுக்குக் கிடைக்கும் அந்தப் பயன்கள் கொழும்பில் இருந்து பங்கு வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. உங்கள் பணிப்பாளர்களுக்கு இதை நீங்கள் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

இப்போது புதுப் பந்தயம் மடிக்கணினிகளுக்கும் டேப்லெட்டுகளுக்குமான, பின்னொளி இல்லாமல் தாமே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரைகளில் நடக்கிறது. சாம்சுங் 2023இல் 4.1 டிரில்லியன் வொன் முதலீட்டை அறிவித்தது. அதே ஆண்டில் பி.ஓ.இ. செங்டுவில் 63 பில்லியன் யுவான் திட்டத்தை அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நமது நாட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கென அனுமதித்த தொகையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அந்த ஒரே ஆலைக்கு வேண்டும்.

கொட்டாஞ்சேனை நேசன் எழுதியது:

இந்தியாவைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன், ஏனெனில் சென்னையில் இலத்திரனியல் உதிரிப்பாகங்களை வாங்கும் பணியில் எனக்கு நீண்ட தொடர்பு உண்டு.

பாதிச் செலவை அரசு ஏற்கும் அறிவிப்பு உண்மையானது. 2021 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 76,000 கோடி இந்திய ரூபாய்த் திட்டத்தில் சில்லுகளும் திரைகளும் சேர்ந்தே இருந்தன. ஆனால் அத்திட்டத்தில் முன்னேறியவை குஜராத்தின் தொலேரா, சானந்த், அசாமின் ஜாகிரோட் போன்ற இடங்களில் எழும் சில்லுத் தொழிற்சாலைகளே. பேனல் ஆலைக்கு வேதாந்தா குழுமம் போன்றவர்கள் விண்ணப்பித்தார்கள். வேதாந்தா தாய்வானின் இன்னோலக்ஸுடன் கூட்டும் அறிவித்தது. ஆயினும் மேலே ஐயா சொன்ன முதலிரண்டு படிகளுக்கான பெரிய ஆலை எழவில்லை. திருப்பதியில் டி.சி.எல். குழுமம் நடத்துவது மூன்றாம் படி, அதாவது பொருத்தும் வேலை.

அங்கே கொள்கை எவ்வாறு ஊசலாடுகிறது என்பதைச் சுங்கவரியில் காணலாம். தொலைக்காட்சியின் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் பிடிக்கும் திறந்த பேனலுக்கு (பின்னொளியும் சட்டமும் இன்னும் பொருத்தப்படாத பேனல்) 2019இல் வரியை நீக்கினார்கள், 2020இல் 5 சதவீதமாக மீண்டும் விதித்தார்கள், 2023இல் அதன் உதிரிப்பாகங்களுக்கான வரியை 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள், 2025இல் அதையும் நீக்கினார்கள். பேனல் செய்ய வருகிறவரைக் காக்க வேண்டும், தொலைக்காட்சி பொருத்துகிறவரையும் காக்க வேண்டும் என்ற இரு நோக்கங்களுக்கு நடுவே வரி ஏறி இறங்குகிறது. பத்து ஆண்டுத் தேய்மானத்தைக் கணக்கிடுகிற முதலீட்டாளருக்கு, மானியத்தின் அளவைவிட இந்த நிச்சயமின்மைதான் பெரிய விடயம்.

வெள்ளவத்தைக் கணக்காளர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் பேனல் செய்கிறவரைவிட, அவருக்குப் பொருள் வழங்குகிறவர் நல்ல நிலையில் இருக்கிறாரா? எமது பணிப்பாளர்களுள் ஒருவர், நாத்தாண்டியாவிலும் வடக்கில் வல்லிபுரம் பக்கத்திலும் நல்ல சிலிக்கா மணலும் புல்மோட்டையில் சிர்க்கோனும் இருக்கும்போது, திரைக்கான கண்ணாடியை நாமே ஏன் செய்யக்கூடாது என்று கேட்கிறார். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது?

மணற்படிவு எழுதியது:

புவியியல் படித்தவள் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பதில் தருகிறேன். கேட்டவரின் ஆர்வம் நியாயமானது. நமது கனிமங்கள் பதப்படுத்தப்படாமல் வெளியேறுவதைப் பார்த்து வேதனைப்படுகிறவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் இந்தத் தொழிலில் மணல் தடையாக இருப்பதில்லை.

திரைக் கண்ணாடி போத்தல் கண்ணாடி அல்ல. அதில் சோடியம் சேரக்கூடாது, ஏனெனில் சோடிய அயனிகள் டிரான்சிஸ்டர் படலத்துக்குள் நகர்ந்து அதைக் கெடுத்துவிடும். எனவே அலுமினாவும் போரானும் கலந்த, காரமற்ற தனிக் கலவை உருக்கப்படுகிறது. கோர்னிங் நிறுவனத்தின் முறையில், உருகிய கண்ணாடி ஒரு நீண்ட தொட்டியின் இரு விளிம்புகளிலும் வழிந்து, கீழே ஒன்றாக இணைந்து, எதையும் தொடாமல் தகடாக இறங்குகிறது. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தத் தகட்டுக்கு மெருகேற்றவும் தேவையில்லை. அந்தத் தொட்டி சிர்க்கோன் சார்ந்த உயர்வெப்பப் பொருளால் செய்யப்பட்டு வந்தது. புல்மோட்டைக்கும் இந்தத் தொழிலுக்கும் அவ்வளவு தூரமில்லை என்று ஒரு கணம் மகிழ்ந்தாலும், அத்தொட்டிக்கான சிர்க்கோன் மிகக் கூடிய வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வளையாமல் நிற்க வேண்டும். அந்தத் தரத்துக்கான பதப்படுத்தலும் காப்புரிமைகளும் வேறெங்கோ உள்ளன.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று மீற்றர் நீளமான மெல்லிய கண்ணாடியைக் கப்பலில் அனுப்புவது கடினம். அதனால் கோர்னிங் தனது 10.5ஆம் தலைமுறைக் கண்ணாடி ஆலையை ஹெஃபெயில் பி.ஓ.இ.க்கு அருகிலேயே கட்டியது. கண்ணாடி பேனல் ஆலையைத் தேடிப் போகிறது, மணலைத் தேடி வருவதில்லை. பேனல் ஆலை இல்லாத நாட்டில் திரைக் கண்ணாடி ஆலைக்கு வாடிக்கையாளர் இருக்கமாட்டார்.

பொருள் வழங்குகிறவர் நல்ல நிலையில் இருக்கிறாரா என்றால், பொதுவாக ஆம். கண்ணாடியில் கோர்னிங், ஏ.ஜி.சி., திரவப் படிகத்தில் ஜேர்மனியின் மெர்க், ஓ.எல்.இ.டி. ஒளியூட்டும் பொருளிலும் காப்புரிமையிலும் யுனிவர்சல் டிஸ்பிளே, படலம் பதிக்கும் இயந்திரத்தில் கெனன் டொக்கி என்று ஒவ்வொரு துறையிலும் ஒருசிலரே உள்ளனர். பேனல் நிறுவனங்கள் தமக்குள் போட்டியிட்டு விலையைக் குறைத்தாலும், இவர்களிடமிருந்து அனைவரும் வாங்கியாக வேண்டும். இருந்தாலும் திரவப் படிகத்தில் சீன நிறுவனங்கள் மெர்க்கின் சந்தையை அரித்துவிட்டன. எனவே இதுவும் என்றென்றைக்கும் நிலைத்த இலாபம் அல்ல.

கண்ணாடிக்கூடம் எழுதியது:

மணற்படிவு அம்மா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். உங்கள் அறிக்கைக்காக இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

வெளிநாட்டுப் பங்குகளை வாங்கும் யோசனை என்றால், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டமும் அதன் கீழ் வந்த கட்டளைகளும் ஒரு கம்பனி வெளியே அனுப்பக்கூடிய மூலதனத்துக்கு வரம்பு வைக்கின்றன. வெளிநோக்கிய முதலீட்டுக் கணக்கு வழியாகவே அதைச் செய்ய முடியும். எனவே எந்தப் பங்கு என்ற விவாதத்துக்கு முன், நடைமுறையில் உள்ள வரம்பை உங்கள் வங்கியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் என்றால், பெரிய தொலைக்காட்சிப் பேனலை விட்டுவிட்டு மூன்றாம் படியைப் பாருங்கள். மருத்துவக் கருவி, பேருந்து அறிவிப்புப் பலகை, வகுப்பறைப் பலகை, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்கான திரைகள் சிறு எண்ணிக்கையில், வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப வடிவமைக்கப்படுபவை. அவற்றில் சீனப் பேராலைகள் அக்கறை காட்டுவதில்லை. திறந்த பேனலை இறக்குமதி செய்து, தொடுபரப்பும் பின்னொளியும் கட்டுப்பாட்டு மென்பொருளும் இங்கே சேர்த்தால் பெறுமதியின் கணிசமான பகுதி நம்மிடம் தங்கும். இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் சலுகை வரியில் அனுப்ப, பொது விதியாக 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதிச் சேர்ப்பு வேண்டும். வெறும் திருகாணி முடுக்கும் வேலையால் அந்த அளவை எட்ட முடியாது, மென்பொருளும் வடிவமைப்பும் சேர்ந்தால் எட்டலாம். மொறட்டுவையிலிருந்து வெளிவரும் இலத்திரனியல் பொறியியலாளர்கள் இந்த வேலைக்குப் போதும், அவர்களுள் பலர் இப்போது வெளிநாட்டு விமானச் சீட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

தூசு புகாத ஓர் அறை, சோதனைக் கருவிகள், நான்கைந்து பொறியியலாளர்கள் என்று தொடங்கலாம். பேனல் ஆண்டறிக்கைகளில் அரச மானியத்தைக் கழித்த பின் எஞ்சும் இலாபம் எவ்வளவு என்பதை அட்டவணையாக இட்டு, அதன் பக்கத்தில் இந்தச் சிறு திட்டத்தின் கணக்கையும் வைத்துப் பணிப்பாளர்களிடம் கொடுங்கள். கணக்கின் வரைவை இங்கே பதிந்தால் இயந்திரங்களின் விலைகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.