பிரதேச சபைக்குக் குடுத்த விண்ணப்பம் திரும்பி வந்திட்டுது: தரைத் திருத்தமும் முன்பள்ளிக் கழிப்பறையும்

சனசமூகச்_செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். ஏ-9 வீதிக்குக் கிழக்குப் பக்கமா இருக்கிற ஒரு குடியேற்றக் கிராமம் எங்கட. சனசமூக நிலையக் கட்டடத்திலதான் காலமையில முன்பள்ளி நடக்குது, 22 பிள்ளையள். தரை முழுக்க வெடிச்சுப் பொங்கிக் கிடக்கு. கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகினம்.

பங்குனியில பிரதேச சபைக்கு விண்ணப்பம் குடுத்தனாங்கள். இப்ப குறிப்புகளோட திரும்பி வந்திருக்கு. நிலையத்தின் பதிவு நடைமுறையில் இல்லை, காணி உரித்து உறுதிப்படுத்தப்படவில்லை, மதிப்பீடு ஏற்கத்தக்கதல்ல, நடப்பாண்டில் ஒதுக்கீடு இல்லை எண்டு எழுதியிருக்கு. மதிப்பீடு எண்டு நாங்கள் வைச்சது ஊர் மேசன் எழுதித் தந்த ஒரு பக்கம்: "தரை திருத்தம் 1 – 185,000. கழிப்பறை 1 – 450,000." கூட ஒரு நீளமான கோரிக்கைக் கடிதமும் 40 பேரின்ர கையெழுத்தும்.

எதிலயிருந்து தொடங்க வேணும்? வட்டார உறுப்பினர் "அடுத்த கூட்டத்தில கதைக்கிறன்" எண்டு சொல்லுறார்.

நிதிப்பக்கம்

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, ஆனால் கடைசிக் குறிப்பை முதல்ல பாருங்கோ. மற்ற மூண்டையும் திருத்தினாலும் அதைச் சரியா விளங்காட்டி இதே பைல் திரும்பவும் வரும்.

சபையின்ர நிதியாண்டு தை 1 தொடக்கம் மார்கழி 31 வரை. அந்த வருசத்துக்கான பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், அதுக்கு முந்தின வருச முடிவுக்குள்ள நிறைவேறியிருக்கும். பங்குனியில நீங்கள் போய்க் கேட்கேக்க ஒவ்வொரு ரூபாவும் ஏதோ ஒரு செலவுத் தலைப்புக்குக் கீழ இருக்கும். தலைப்பே இல்லாத வேலைக்குத் தவிசாளர் விரும்பினாலும் காசு எடுக்க ஏலாது. எடுத்தால் கணக்காய்வில பதில் சொல்ல வேண்டி வரும். உறுப்பினர் கூட்டத்தில கதைக்கிறது நல்லது, ஆனால் பாதீட்டில இடம் இல்லாட்டி அது கூட்டறிக்கையில ஒரு வரியோட நிண்டிடும்.

நீங்கள் விட்ட பெரிய பிழை, ரெண்டு வேலையை ஒரே விண்ணப்பத்தில கட்டினது. பிரியுங்கோ.

தரை, இருக்கிற கட்டடத்தின்ர திருத்த வேலை. பதிவு செய்த சனசமூக நிலையங்களுக்கான உதவிப்பணம், சிறு திருத்த வேலை எண்ட மாதிரித் தலைப்புகள் பாதீட்டில இருக்கோ எண்டு நிதிக்கிளையில கேளுங்கோ. இருந்து மீதியும் இருந்தால் இந்த வருசத்துக்குள்ளயே செய்யலாம்.

கழிப்பறை புதிய நிர்மாணம். அது அடுத்த வருசப் பாதீட்டுக்குள்ள போக வேணும். அதுக்கான முன்மொழிவை ஆவணி, புரட்டாசிக்குள்ள சபையில சேருங்கோ. வரைவு பாதீடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கேக்க ஒராள் போய், உங்கட வேலை பேரோட இருக்கோ, இல்லாட்டி "வட்டார அபிவிருத்தி" எண்ட பொதுத் தலைப்புக்குள்ள கரைஞ்சு போச்சோ எண்டு பாக்க வேணும். பேரோட இருந்தால் பிறகு தட்டிக் கழிக்கிறது கஷ்டம்.

கடிதம் சபைச் செயலாளரின்ர பேருக்கு, பிரதி தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும். உங்கட கையில இருக்கிற பிரதியில சபையின்ர திகதி முத்திரை விழ வேணும். உறுப்பினரின்ர கையில குடுத்துவிட்ட கடிதம் சபைக்குக் குடுத்த கடிதம் ஆகாது.

பதிவு லேசான வேலை. சபையின்ர சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அறிவிச்சு ஆண்டுப் பொதுக்கூட்டம் வையுங்கோ. கூட்டறிக்கை, வரவு கையெழுத்து, புதிய நிர்வாக சபை விபரம், வருடக் கணக்கறிக்கை எல்லாம் குடுத்துப் புதுப்பிக்க வேணும். புது நிர்வாகம் வந்தால் அதே கிழமையில வங்கியிலயும் கையொப்பக்காரரை மாத்துங்கோ. வங்கிக் கணக்கின்ர பேர் பதிவுச் சான்றிதழில இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேணும். காசோலை வந்தும் மாத்த ஏலாமல் கிடக்கிறது அனேகமா இதாலதான்.

அளவுநாடா

மதிப்பீட்டுப் பிரச்சினையை நான் சொல்கிறேன். "தரை திருத்தம் 1" என்பதை யாராலும் அளக்க முடியாது. அளக்க முடியாததற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரி.ஓ.) கையெழுத்துப் போட மாட்டார், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சதமும் வெளியே வராது. ஆகவே மேசனிடம் தொகை கேட்காமல் அளவு கேளுங்கள். விலையை ரி.ஓ. மாவட்டத்துக்குரிய பி.எஸ்.ஆர். (அரச கட்டட வேலை விலைப்பட்டியல்) வீதப்படி போடுவார். கடை விலை அதைவிடக் கூடவாக இருந்தால் வித்தியாசத்தை எப்படி ஈடுசெய்வது என்று நிலையச் சங்கம் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கட்டடத்தின் உள்ளளவு எவ்வளவு? நிலம் களியா மணலா?

சனசமூகச்_செயலாளர்

உள்ளளவு 20 அடிக்கு 15 அடி. வயல் பக்கம், களி நிலம். கோடையில நிலம் பிளக்கும், மாரியில ஊதும்.

அளவுநாடா

அப்படியானால் தரை வெடித்ததற்குக் காரணம் சீமெந்துக் குறைவு மட்டுமல்ல. களி ஈரத்தில் ஊதிக் கோடையில் சுருங்குகிறது, மேலே இருக்கும் மெல்லிய கொங்கிறீற்று அதோடு சேர்ந்து ஆடுகிறது. பழைய தரைக்கு மேல் பூச்சுப் பூசினால் அடுத்த மாரிக்குள் அதே கோட்டில் வெடிக்கும். மதிப்பீட்டில் இவை தனித்தனி வரிகளாக வர வேண்டும்:

பழைய தரையை உடைத்து அகற்றல், 300 சதுர அடி. கீழுள்ள களியைத் தோண்டி எடுத்தல். கிரவல் போட்டு இடித்து இறுக்கிய பின் 6 அங்குலம் நிற்க வேண்டும்: 300 × அரை அடி = 150 கன அடி, ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). தளர்வாக வரும் கிரவல் இடித்தால் அமுங்கும், எனவே 2 கியூப் இறக்க வேண்டிவரும். ஒரே தடவையில் 6 அங்குலமும் கொட்டி இடிக்க வேண்டாம், 3 அங்குலமாக இரண்டு படை, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். அதன்மேல் பொலித்தீன் விரிப்பு, ஓரங்களில் ஓரடி மேற்படிவு.

பிறகு கொங்கிறீற்று. 20 × 15 × கால் அடி = 75 கன அடி, அதாவது முக்கால் கியூப். 1:2:4 (சீமெந்து:மணல்:கல்) கலவைக்கு 50 கிலோ சீமெந்து 14 பை, மணல் ஏறக்குறைய மூன்றில் ஒரு கியூப், முக்கால் அங்குலக் கல் மூன்றில் இரண்டு கியூப். சேதாரத்துக்கு ஒரு பை கூட்டிக்கொள்ளலாம். 20 அடி நீளத்தை ஒரே துண்டாகப் போடாமல் 10 அடியில் ஒரு பிரிப்பு இடைவெளி விடுங்கள். 7 நாள் நனைத்து வைக்க வேண்டும், அதனால் முன்பள்ளி விடுமுறை நாட்களைப் பார்த்துத் தொடங்குங்கள்.

மேசன் தந்த பொருள் பட்டியலை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 75 கன அடிக்கு 25 பை சீமெந்து கேட்டிருந்தால் எங்கேயோ கணக்குப் பிழை.

இன்னொன்று, மூடுவதற்கு முன் ரி.ஓ. பார்க்க வேண்டும். கிரவல் இடித்த நிலையிலும் கொங்கிறீற்றுக்கு முன்பும் அவரைக் கூப்பிடுங்கள். அளவுநாடா தெரிகிற மாதிரிப் படமும் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு 6 அங்குலம் போட்டோம் என்று சொன்னால் அவர் எழுதக்கூடியது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். பணம் வெட்டுப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

காணிக்கிளைப்பக்கம்

காணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வன்னியில பாதி விண்ணப்பம் படுக்கிறது இதிலதான். நிலையக் காணி எந்த வகை? ஆராவது தன்ர அனுமதிப்பத்திரக் காணியில, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணியில, துண்டு விட்டுத் தந்ததோ?

சனசமூகச்_செயலாளர்

ஓம் அண்ணை. ஒரு ஐயா தன்ர காணியில ரெண்டு பரப்பு விட்டவர். அவர் இப்ப இல்லை. வெள்ளைத் தாளில எழுதித் தந்த கடிதம் ஒண்டு இருக்கு. அனுமதிப்பத்திரம் 2009 இல இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சாம்.

காணிக்கிளைப்பக்கம்

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின்ர (சபைச் செயலாளர் இல்லை, பிரதேச செயலகத்தில இருக்கிற அரச அதிகாரி) அனுமதி இல்லாமல் கைமாத்த ஏலாது. ஐயா நல்ல மனசோட குடுத்திருப்பார், ஆனால் அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி பெறுமதி இல்லை. அவரின்ர பின்னுரித்தாளி (அவருக்குப் பிறகு காணிக்கு உரித்தானவர்) நாளைக்கு வந்து "இது என்ர காணி" எண்டால் சபை கட்டின கழிப்பறை தனியார் காணியில நிக்கும். சபை அதுக்குத்தான் பயப்படுது.

பத்திரம் துலைஞ்சது முடிவில்லை. பிரதேச செயலகக் காணிக்கிளையில அனுமதிப்பத்திரங்கள் பதிஞ்ச பேரேடு இருக்கும். ஐயாவின்ர பேரும் காணித் துண்டு இலக்கமும் குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. பேரேட்டில இருந்தால், பின்னுரித்தாளியின்ர சம்மதத்தோட அந்த ரெண்டு பரப்பையும் பிரிச்சுப் பொதுத் தேவைக்கு ஒதுக்கித் தரச்சொல்லிப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கோ. கிராம அலுவலரின்ர அறிக்கை வேணும், நில அளவைப் படமும் வேணும். அளவைதான் இழுபடுற கட்டம், அதால இண்டைக்கே தொடங்குங்கோ. கழிப்பறையை அடுத்த வருசத்துக்குப் போடுறதில இருக்கிற நன்மையும் இதுதான், காணிப் பைல் ஓட உங்களுக்கு நேரம் இருக்கு.

காணி வன இலாகாவின்ர எல்லைக்குள்ளயோ குளத்துக்கெண்டு ஒதுக்கின நிலத்துக்குள்ளயோ விழுந்தால் கதை வேற. அதைப் பிரதேச செயலாளர் தனிய விடுவிக்க ஏலாது. விண்ணப்பத்துக்கு முதலே கேட்டுத் தெளிவாக்குங்கோ.

தரைக்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். கட்டடம் ஏற்கெனவே நிக்குது. கன வருசமா பொதுப் பாவனையில இருக்கெண்டு கிராம அலுவலர் எழுதிப் பிரதேச செயலாளர் உறுதிப்படுத்தின கடிதத்தோட திருத்த வேலைக்கு ஏற்பினமோ எண்டு சபைச் செயலாளரிட்ட எழுத்தில கேளுங்கோ.

அளவுநாடா

கழிப்பறைக்கு இடம் பார்த்துவிட்டீர்களா? கிணறு எவ்வளவு தூரம்?

சனசமூகச்_செயலாளர்

கட்டடத்துக்குப் பின்னால. கிணத்தில இருந்து 32 அடி.

அளவுநாடா

கூடாது. மலக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். பக்கத்து வளவுக் கிணறுகளையும் சேர்த்து அளவுங்கள், வேலிக்கு அப்பால் இருப்பது கிணறில்லை என்று ஆகிவிடாது. களி நிலத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தால் ஆழக் குழி நிரம்பி வழியும். கார்த்திகை, மார்கழியில் கிணற்று நீர் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள், குழியின் அடி அதற்கு மேலே இருக்க வேண்டும். இடத்தைப் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காட்டி எழுத்தில் சிபாரிசு வாங்கி முன்மொழிவோடு இணையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான கழிப்பறைக் கோப்பை, தண்ணீர்க் குழாய், கைகழுவும் தொட்டி மூன்றும் மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கட்டும். "கழிப்பறை 1" என்றால் கடைசியில் விடுபடுவது கைகழுவும் தொட்டிதான்.

சனசமூகச்_செயலாளர்

பெரிய உதவி. காசு முதல்ல எங்கட கணக்குக்கு வருமோ? கணக்கில 60,000 தான் கிடக்கு. இதையே பிரதேச செயலகத்துக்கும் ஒருக்காக் குடுத்து வைச்சால் என்ன?

நிதிப்பக்கம்

வேலையைச் சங்கத்துக்கு சமூக ஒப்பந்தமாத் தந்தால், அனேகமா வேலை செய்து ரி.ஓ. அளந்த பிறகுதான் காசு. முற்பணம் உண்டோ, எத்தனை கட்டமாத் தருவினம் எண்டு ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் கேளுங்கோ. 60,000 ஓட தொடங்கினால் கிரவலும் உடைப்புக் கூலியும் அதை முடிச்சிடும். ஹாட்வெயார் கடையோட கடனுக்குப் பேசி வையுங்கோ, இல்லாட்டி பொருளாத் தரச்சொல்லிச் சபையிட்டக் கேளுங்கோ. சின்ன வேலைக்கு அது சுகம்.

பில் எல்லாம் நிலையத்தின்ர பேரில, ஒப்பந்தக் காலத்துக்குள்ள இருக்கிற திகதியில வேணும். மணல், கிரவல் கொண்டுவாற வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு பாத்து அதின்ர பிரதியையும் வாங்குங்கோ. கூலிக்குப் பேர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை, கையெழுத்து எண்டு ஒரு பட்டியல். சிரமதானத்துக்கு வந்தவையின்ர பேரையும் அதே மாதிரி வேற தாளில பதியுங்கோ, சங்கத்தின்ர பங்களிப்பெண்டு அதைத்தான் காட்டலாம்.

ரெண்டு இடத்தில குடுக்கிறதைப் பற்றி: ஒரே வேலைக்குக் குடுக்காதேங்கோ. ரெண்டும் கிடைச்சால் கணக்காய்வில மாட்டுப்படும், பிறகு சங்கத்தின்ர பேர் கெட்டு அடுத்த முறை எங்கயும் எடுபடாது. தரை சபையிட்ட, சுற்றுவேலி பிரதேச செயலகத்திட்ட எண்டு வெவ்வேற மதிப்பீட்டோட கேட்கலாம். அதையும் ரெண்டு கடிதத்திலயும் வெளிப்படையா எழுதுங்கோ.

சனசமூகச்_செயலாளர்

விளங்கீட்டுது அண்ணை. பாதீட்டுத் தலைப்பில எவ்வளவு மீதி எண்டு கேட்டால் நிதிக்கிளையில சொல்லாட்டி?

காணிக்கிளைப்பக்கம்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள்ள முடிவைச் சொல்ல வேணும். "சனசமூக நிலையத் தலைப்பில இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கினது, இண்டைவரை எவ்வளவு செலவு" எண்டு ரெண்டே வரி கேளுங்கோ. முதல்ல வாயால மரியாதையாக் கேட்டுப் பாருங்கோ, கனபேர் அதிலயே சொல்லிப்போடுவினம். தரை வேலையை ஐப்பசி மழைக்கு முதல் முடிக்கப் பாக்கிறதெண்டால் பொதுக்கூட்ட அறிவித்தலை இந்தக் கிழமையே ஒட்டுங்கோ.