மைக்குரோகிளியாவுக்குத் தமிழ்: ‘காவற்கலம்’ வேண்டாம்

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு, கல்லடியிலிருந்து வணக்கம்.

மனச்சிதைவு நோயாளரின் வீட்டாருக்காக நான் எழுதுகிற கைந்நூலில் மூளையின் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. மூளையில் அந்த வேலையைச் செய்கிற சிறு கலமான மைக்குரோகிளியாவுக்கு வந்த பரிந்துரைகளில் ‘காவற்கலம்’ என்பதையே பலர் விரும்புகிறீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உயர்தர உயிரியலில் காவற்கலம் என்றால் இலைவாயின் இரு பக்கத்திலும் இருக்கிற கலம். அந்தச் சொல் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டது. இதைவிடப் பெரிய காரணம் வேறு. காவல், படை, ஊடுருவல் என்ற சொற்களை மட்டக்களப்பில் நாங்கள் அகராதி பார்த்துப் படிக்கவில்லை. ‘என்னை ஆரோ கண்காணிக்கிறாங்கள்’ என்று இரவெல்லாம் நித்திரையில்லாமல் இருக்கிற மகனின் தாயிடம், அவன் மூளைக்குள்ளேயே காவல் நிற்கிறது என்று எழுதிய தாளைக் கொடுப்பதா? எனக்குக் கை வராது.

‘நுண்பசைக்கலம்’ என்பது கிரேக்கச் சொல்லின் நேர்பெயர்ப்பு. ஆனால் இந்தக் கலம் எதையும் ஒட்டுவதில்லை. பிறப்பிலும் நரம்புக்கலத்தின் இனம் அல்ல. முளையத்தின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குக் குடிவந்தது. 1919இல் இதைத் தனியினமாகப் பிரித்துப் பெயரிட்ட ஸ்பானியர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா அந்த வேறுபாட்டைத்தான் வலியுறுத்தினார்.

அது செய்கிற வேலையைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு இடம். கைகளை நீட்டி நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கும். இறந்த கலத்தின் மிச்சத்தை அகற்றும். வயலுக்கு நீர் பாய்வதைப் பார்க்கிற எங்கள் வட்டைவிதானை வரம்பு வழியே நடந்து வாய்க்கால் அடைப்பைப் பார்க்கிற மாதிரி. ஆகவே ‘பேணுகலம்’ என்று வைப்போமா?

—

மகள், அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன். பேணுகலம் நல்ல சொல். ஆனால் உங்கள் கைந்நூலின் அடுத்த பந்தியில் இடறுமே! நிர்ப்பீடனத்தில் பங்கெடுக்கிற சீ4 என்ற நிரப்புப் புரதம் நரம்பிணைப்பில் (இரு நரம்புக்கலங்கள் சந்திக்கிற இடத்தில்) அடையாளம் வைக்க, பேணுகலம் அதை விழுங்குகிறது என்றல்லவா எழுத வேண்டும்? 2016இல் வந்த ஆய்வு, 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அந்தப் பரம்பரையலகின் சில வடிவங்கள் மனச்சிதைவுக்கான ஆபத்தைச் சற்றுக் கூட்டுவதைக் காட்டியது. பேணுகிறது எப்படி விழுங்கும்? அந்த வேலைக்கும் ஒரு சொல் தாருங்கள். ‘இணைப்புக் கழிப்பு’ எப்படி? கொப்புக் கழிக்கிறது என்று சொல்கிறோம்தானே.

—

சேர், சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘கழிப்பு’ என்றவுடன் பிள்ளைகளுக்குக் கழிப்பறைதான் நினைவில் வரும், அதனால் தயங்குகிறேன். தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்காக்குவதற்கான மலையகத்துச் சொல்லைக் கேட்டு வாங்கலாமா: ‘இணைப்புக் கவ்வாத்து’. கவ்வாத்து செய்யாவிட்டால் தேயிலை காடாகிவிடும். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் செடி வாடும். பேணுவதும் வெட்டுவதும் ஒரே ஆளின் வேலை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பதின்ம வயதில் மூளையில் மேலதிக இணைப்புகள் குறைவது எல்லாருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அது மிஞ்சிப்போகலாம் என்பதே கருதுகோள். நோய் பெரும்பாலும் பதின்மத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது அதனோடு பொருந்துகிறது.

ஆனாலும் மனச்சிதைவுக்கு ‘நிர்ப்பீடன நோய்’ என்று தலைப்பிட மாட்டேன். உடலின் பிறபொருளெதிரிகள் மூளையின் என்எம்டிஏ வாங்கிகளை (நரம்புக்கலங்கள் செய்தி வாங்குகிற புரதங்களை) தாக்குகிற மூளையழற்சி, 2007இல் விவரிக்கப்பட்டது, அது வேறு நோய். தொடக்கத்தில் மனச்சிதைவு போலத் தோன்றலாம் என்பதால் ஒரு பெட்டிக்குள் தனியாக எழுதுகிறேன். இரண்டையும் கலந்தால், வீட்டார் கொடுக்கிற மருந்தை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அலைவார்கள்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல் ஆக்கத்துக்கு எவ்வளவு உழைத்தவர்! அவர் ஊருக்குப் பக்கத்திலிருந்து போகிற சொல் என்பதால் எனக்குப் பயமும் இருக்கிறது. பேணுகலம், இணைப்புக் கவ்வாத்து. மலையக நண்பர்கள் ‘கவ்வாத்து’ பற்றி ஒரு வரி எழுதுங்கள், அது உங்கள் சொல். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.