பொம்மைக்கு என்ன வேண்டும்? ஸ்டாப் மோஷன் படத்துக்குக் கதை தேடிய அனுபவங்கள்

காத்ர் போர்ன் மாணவன்:

இங்கே மொரிஷியசில், இறுதியாண்டுக்கு ஒரு ஸ்டாப் மோஷன் படம் செய்ய வேண்டும்; பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாகப் படமெடுத்து, வரிசையாக ஓடவிடுகிற படம். நான் முதலில் எழுதிக் கொண்டுபோன கதை, 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மொரிஷியசுக்குக் கப்பலேறி வந்த கைவினைஞர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டம், கூலி வாழ்க்கை என்று 1968 விடுதலை வரை ஓடியது. ஆசிரியை பொறுமையாகப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டார். நொடிக்கு 12 படம் என்றாலும் நிமிடத்துக்கு 720. "உன் கப்பல் கரை சேர்வதற்குள் பட்டமளிப்பு விழாவே முடிந்துவிடும்" என்றார். பிறகு, "உன் பொம்மைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்மைக்கு என்ன வேண்டியிருக்கும்?

பதில் கிடைத்தது கோர் தெ கார்ட் மலைக் கோயில் படிக்கட்டில், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், சிறுவனாக முதல் காவடி எடுத்ததைச் சொன்னார். வெயிலும் பாரமும் அவருக்கு நினைவில்லையாம். "செம்பில் பால் திரிந்துவிடுமோ என்கிற பயம்தான் தம்பி, வழி முழுக்க. திரிந்தால் விரதத்தில் குறை என்று பேசுவார்கள். உள்ளபடியே மூன்றாம் நாள் ஒரு துண்டு வறுத்த மீன் தின்றுவிட்டேன்." சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், இத்தனை வருடம் கழித்தும்.

அன்றிரவே கப்பலைக் கிழித்துப் போட்டேன். ஒரு பையன், ஒரு செம்பு, ஒரு துண்டு மீன். இரண்டரை நிமிடம், 1800 படம்.

அடுத்த தலைவலி பால். பொம்மைப் படத்தில் திரவத்தைப் போல அடங்காதது வேறில்லை. பசையை ஊற்றினேன், கட்டியாகிவிட்டது. கடைசியில் காட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். செம்பின் வாயை வாழையிலை மூடியிருக்கிறது. பையன் அதில் காதை வைத்துக் கேட்கிறான். வாயசைவு கிடையாது, இமைகள் மட்டும் அசையும். மூன்று சோடி இமை செய்து மாற்றி மாற்றி ஒட்டினேன். மின்விசிறியை ஓடவிட்டால் இலை ஆடும், நிறுத்தினால் பொம்மையின் பிளாஸ்டிசின் களிமண் இளகி என் கைரேகை அவன் கன்னத்தில் பதியும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ரோஸ் ஹில் அக்கா:

தம்பி, இமையோடு தப்பித்தீர்கள். எங்கள் குழுவின் பாட்டிப் பொம்மைக்குப் பாதிப் படத்தில் இடது காலின் அலுமினியக் கம்பி உள்ளே ஒடிந்தது. ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியத்தான் செய்யும்; இரண்டு கம்பியை முறுக்கிப் போட்டிருக்க வேண்டும். பாட்டி நொண்டத் தொடங்கினாள். "அட, இதுவும் நன்றாக இருக்கிறதே, பாத்திரத்துக்கு ஆழம் வருகிறது" என்றார்கள் தோழிகள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பாட்டி, சந்தையில் விலை கேட்டுவிட்டு விருட்டென்று திரும்பிப் போகிறவள்; கடைக்காரர் கூப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கதையின் திருப்பமே அந்த நடையில்தான். நொண்டினால் பார்ப்பவர்களுக்கு இரக்கம் வந்துவிடும், அவள் இரக்கம் கேட்கிற ஆள் இல்லை. 300 படத்தை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தோம். ஒருத்தி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

திரியோலே வாசகன்:

எனக்கு இடித்தது பேச்சு. பாட்டி பாத்திரத்துக்கு அழகான தமிழ் வசனம் எழுதி, அப்பாவின் அம்மாவிடம் கொடுத்துப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். இரண்டு வரி படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இப்படி யார் வீட்டில் பேசுகிறார்கள்?" என்று கிரியோலில், இங்கே அன்றாடம் பேசும் மொழியில், கேட்டார். சரிதான். அவர் திட்டுவதும் கொஞ்சுவதும் கிரியோலில், சாமியிடம் மட்டும் தமிழ். அதனால் படத்தில் பாட்டி பேரனை அதட்டுவதைக் கிரியோலுக்கு மாற்றினேன். விளக்கேற்றும்போது ஒரே ஒரு "முருகா". அந்தச் சொல்லுக்கு அவர் ஒத்திகையே கேட்கவில்லை.

காத்ர் போர்ன் மாணவன்:

அக்கா, கம்பியை இரட்டையாக முறுக்கிவிட்டேன், நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. ஓவியங்களை வரிசையாக அடுக்கிய முன்னோட்டத்தைப் போன வாரம் அந்தப் பெரியவரிடம் கைபேசியில் காட்டினேன். பையன் கோயில் வாசலை அடைவதோடு அது நிற்கிறது. "பால் திரிந்ததா இல்லையா?" என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, "உங்கள் பால் என்ன ஆயிற்று, தாத்தா?" என்று கேட்டேன்.

"அபிஷேகத்துக்குச் செம்பை வாங்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்" என்றார்.